கையெழுத்துப் போட இத்தனை பேர், பதில் சொல்ல ஒருவரும் இல்லை

சுயமாக ஆய்வு செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் முதுகலைப் பட்டத்தின் நோக்கம் என்று எங்கள் துறைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். நல்ல நோக்கம். அதை நம்பி ஒரு பாடத்தை ஒரு பேராசிரியரிடம் தனியாக, ஒரு முழு செமஸ்டர், இண்டிபெண்டன்ட் ஸ்டடியாகப் படித்து முடித்தேன். நல்ல கிரேடும் வந்தது. இப்போது பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று போர்ட்டலைத் திறந்தால், கட்டாயப் பாடத்துக்கு எதிரே சிவப்பில் "நிறைவேறவில்லை" என்று நிற்கிறது. படித்தது எங்கேதான் போனது என்று தேடினால், "இதர விருப்பப் பாடங்கள்" என்ற மூலையில் கிடக்கிறது. பாடத்தின் எடையைக் கணக்கிடும் அலகைத்தான் கிரெடிட் என்பார்கள். அந்த மூலையில் எனக்கு ஒரு கிரெடிட்கூடத் தேவையில்லை.

ஆசைப்பட்டு நான் இதைக் கேட்டு வாங்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டாயப் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். பட்டமே இரண்டு வருடம். ஆக, எனக்கு வாய்ப்பு ஒரே தடவை. அந்தத் தடவை போதுமான ஆள் சேரவில்லை என்று வகுப்பை ரத்து செய்தார்கள். ஆள் எப்படிச் சேரும்? அதே கிழமை, அதே நேரத்தில் இன்னொரு கட்டாயப் பாடத்தைக் கொண்டுபோய் வைத்தது யார்? சரி, அடுத்த செமஸ்டரில் நடத்துங்கள் என்றால், நடத்துகிறவர் ஒரு வருட ஆய்வு விடுப்பில் போகிறாராம். போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் நான் படித்தே ஆக வேண்டிய பாடத்தை யாராவது நடத்தியே ஆக வேண்டும் என்று அந்தக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லையே? கேட்டேன். "இண்டிபெண்டன்ட் ஸ்டடியாகப் பண்ணிக்கொள்ளுங்களேன்" என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

பண்ணிக்கொள்ளுங்களாம்! ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது நம் வேலை. சிலபஸ் எழுதுவது நம் வேலை. வாராவாரம் என்ன படிப்போம், எத்தனை முறை சந்திப்போம், மதிப்பெண் எதற்கு, கடைசியில் தேர்வா கட்டுரையா, கட்டுரை என்றால் எத்தனை பக்கம், எல்லாவற்றையும் செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுதித் தர வேண்டும். யோசித்துப் பாருங்கள், அந்தப் பாடம் எனக்குத் தெரியாது என்பதால்தானே அதைப் படிக்கவே போகிறேன். பன்னிரண்டாவது வாரத்தில் எந்தக் கட்டுரையை வாசிப்பேன் என்று முதல் வாரத்துக்கு முன்பே நான் எங்கிருந்து சொல்வது? வழக்கமான வகுப்புக்குச் சம்பளம் வாங்குகிறவர் எழுதும் சிலபஸை, இங்கே கட்டணம் கட்டுகிறவர் உட்கார்ந்து எழுதுகிறார். அதற்காகக் கட்டணத்தில் ஏதாவது குறைப்பார்களா என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று முழுசாக வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் அனுமதி ஃபார்மை எடுத்துக்கொண்டு கையெழுத்து வேட்டை. நடத்துகிற ஆசிரியர், அட்வைசர், முதுகலைப் பிரிவுப் பொறுப்பாளர், துறைத் தலைவர், கடைசியில் பட்டப்படிப்பு அலுவலகம். முந்தையவர் போட்டால்தான் அடுத்தவர் போடுவார். பாடம் சேர்ப்பதற்கான கெடுவோ இரண்டாவது வாரத்தோடு முடிந்துவிடும். ஒருவர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார். ஒருவருக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இல்லை. இன்னொருவர், தலைப்பு நீளமாக இருக்கிறது, டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், இடம் போதாது, சுருக்கிக் கொண்டு வாருங்கள் என்கிறார். சுருக்கினால் அதுவரை வாங்கிய கையெழுத்தெல்லாம் செல்லாது. மறுபடி முதல் ஆளிடமிருந்து தொடங்க வேண்டும்.

இத்தனை பேரில் ஒருவராவது அந்த ஃபார்மை வாசித்தார்களா? இல்லை என்று அடித்துச் சொல்வேன். காரணம் எழுதும் இடத்தில், ரத்தான கட்டாயப் பாடத்துக்குப் பதிலாக என்று பாடத்தின் பெயரைப் போட்டே எழுதியிருந்தேன். வாசித்திருந்தால் யாராவது ஒருவர், "தம்பி, இதற்குத் தனியாக இன்னொரு ஃபார்ம் வேண்டும்" என்று சொல்லியிருப்பார்.

ஆமாம், தனியாக இன்னொரு ஃபார்ம் இருக்கிறதாம். இண்டிபெண்டன்ட் ஸ்டடியில் சேர அனுமதிப்பது ஒன்று, அதைக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது வேறொன்று. முதல் ஃபார்மில் இரண்டாவதைப் பற்றி ஒரு மூச்சு கிடையாது. இரண்டாவது ஃபார்ம் போர்ட்டலில் எங்கே இருக்கிறது என்பது அதைக் கேட்கிற அலுவலகத்துக்கே தெரியவில்லை. பழைய இணைப்பு ஒன்றை அனுப்பினார்கள், திறந்தால் பக்கமே இல்லை.

போர்ட்டலைத் திட்டிப் பயனில்லை என்பதும் தெரிகிறது. அந்த மென்பொருள் பாட எண்ணை மட்டும்தான் பார்க்கும். கட்டாயப் பாடத்துக்கு ஒரு எண் உண்டு, அந்த எண் டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இண்டிபெண்டன்ட் ஸ்டடிக்கோ, யார் எதைப் படித்தாலும் துறை முழுவதற்கும் ஒரே எண். எல்லா மருந்துப் புட்டியிலும் ஒரே லேபிளை ஒட்டி வைத்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன மருந்து என்று தெரியவில்லையே என்று நோயாளியிடம் கேட்கிற கதை. இதைச் சரிசெய்ய ஒரு மனிதர் உள்ளே போய், இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஒரு விதிவிலக்கைப் பதிய வேண்டும். அந்த மனிதர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் என் செமஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது. அட்வைசரிடம் போனேன். ஈடுதான், எனக்கு முழுச் சம்மதம், ஆனால் பதியும் அதிகாரம் எனக்கு இல்லை என்றார். பதிவாளர் அலுவலகத்தில், துறை எழுதினால் செய்கிறோம் என்றார்கள். துறையில், பட்டப்படிப்பு அலுவலகம் சொல்லட்டும் என்றார்கள். பட்டப்படிப்பு அலுவலகத்தில், கையேட்டைப் பாருங்கள், ஈட்டுக்கான மனுவைப் பாடம் தொடங்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

கையேட்டைப் பார்த்தேன். அந்த வரி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நான் சேர்ந்ததற்கு அடுத்த வருடக் கையேட்டில். மாணவர் சேர்ந்த வருடத்தின் விதிகள்தான் அவரைக் கட்டுப்படுத்தும் என்று அதே கையேடு இன்னொரு பக்கத்தில் சொல்கிறது. இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: எப்போதுமே நடைமுறை இதுதானாம், இப்போதுதான் எழுத்தில் போட்டார்களாம். எழுதாத விதியை நான் எந்தப் பக்கத்தில் வாசித்திருக்க வேண்டும்?

பேராசிரியர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர் நிலைமையும் பாவம்தான். பல பல்கலைக்கழகங்களில் இண்டிபெண்டன்ட் ஸ்டடி நடத்துவது ஆசிரியரின் கற்பித்தல் கணக்கில் சேருவதே இல்லை. ஓர் அறை நிறைய ஆட்களை உட்காரவைத்து நடத்தினால் ஒரு பாடம் என்று எழுதிக்கொள்வார்கள். ஒரே மாணவரோடு வாரந்தோறும் உட்கார்ந்து வரிவரியாக விவாதித்து, கட்டுரையைத் திருத்திக் கொடுத்தால் கணக்கில் பூஜ்யம். ஆகவே அவர் செய்வது உபகாரம். உபகாரம் கேட்டு நிற்கிறவரால், போன வாரச் சந்திப்பும் நடக்கவில்லை, இந்த வாரமாவது நடக்குமா என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? எனக்கு வாய்த்தவர் தங்கமானவர். என்னோடு படிக்கும் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆசிரியர் தள்ளிக்கொண்டே போக, செமஸ்டர் முடிவில் "இன்கம்ப்ளீட்" விழுந்தது. குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் அது தானாகவே ஃபெயிலாக மாறிவிடும். தள்ளிப்போட்டவருக்கு ஒன்றும் ஆகாது, டிரான்ஸ்கிரிப்ட் இவருடையதுதானே. போதாததற்கு அவர் வெளிநாட்டு மாணவர். முழுநேர மாணவருக்கான கிரெடிட் குறைந்தால் விசாவுக்கே ஆபத்து. ஒரு வகுப்பை ரத்து செய்கிறவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

இந்தக் கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று எரிச்சலில் போய்ப் படித்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். 1905-ல் ஆண்ட்ரூ கார்னெகி அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். பணத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்கு, எது உண்மையான கல்லூரி என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மாணவரைச் சேர்க்க உயர்நிலைப் பள்ளியில் 14 யூனிட் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிற கல்லூரிக்கே ஓய்வூதியம் என்றார்கள். யூனிட் என்பது வகுப்பில் உட்கார்ந்த நேரத்தின் கணக்கு. அந்த மணிக்கணக்குதான் கல்லூரிக்குள்ளும் நுழைந்து கிரெடிட் என்ற பெயரில் இன்றுவரை ஆட்சி செய்கிறது. ஆசிரியரின் ஓய்வூதியத்துக்காகப் பிறந்த அளவுகோல், மாணவரின் பட்டத்தை நிறுத்தி வைக்கிறது! கற்றதை அளக்க அது உருவாகவில்லை என்று அந்த அறக்கட்டளையே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டாயிற்று.

சரி, மணிக்கணக்கே பேசுவோம். அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, வெளியே இரண்டு மணி படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஏறத்தாழ 135 மணி நேரம் வரும். ஐரோப்பிய முறையில் மாணவர் உழைப்பு ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி. எந்த முறையில் வேண்டுமானாலும் என்னைக் கூட்டிப் பாருங்கள், ரத்தான வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட அதிகமாகவே செலவழித்திருக்கிறேன். அந்தப் பாடத்தின் பழைய சிலபஸில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன், அதில் இல்லாததையும் படித்தேன். அதற்கான மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. நான் படித்தேனா இல்லையா என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அனுமதி ஃபார்மில் ஒரே ஒரு வரி சேருங்கள்: இந்தக் கிரெடிட் எந்தத் தேவையில் வரவு வைக்கப்படும்? துறைத் தலைவர் கையெழுத்துப் போடும்போதே அதையும் நிரப்பட்டும், அன்றைக்கே பதிவாளர் அலுவலகம் விதிவிலக்கைப் பதியட்டும். ஏற்க முடியாது என்றால் அப்போதே முகத்துக்கு நேரே சொல்லட்டும், வேறு வழி பார்த்துக்கொள்வோம். ஒரு செமஸ்டர் உழைப்பையும் கட்டணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டும் நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கிரெடிட் குறைந்தால் இன்னொரு செமஸ்டர் பதிய வேண்டும், அதற்கும் கட்டணம். வேலைக்குச் சேரச் சொன்னவர்கள் பட்டம் எங்கே என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் எந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்தை அனுப்புவது?

ஈடாக ஏற்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். அதையும் விடவில்லை, மறுபடி அதே ஆட்களின் கையெழுத்து. மனுவைப் பார்க்கும் குழு மாதம் ஒருமுறைதான் கூடும், அடுத்த கூட்டம் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிந்த பிறகு. என்ன செய்வது என்று அலுவலகத்தில் கேட்டேன். இப்போதைக்குக் கட்டணத்தைக் கட்டி விண்ணப்பித்து வையுங்கள், மனு தள்ளுபடியானால் அடுத்த முறை மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கட்டிய பணம் திரும்ப வருமா என்றேன். வராதாம். இந்த ஒன்றை மட்டும் யாரையும் கேட்காமல், எந்த ஃபார்மும் இல்லாமல், அந்த நிமிடமே சொல்லிவிட்டார்கள்.