கேட்கிற விலை வேறு, படிகிற விலை வேறு

தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் வீடு தேடுகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தத் தெருவில் கடைசியாக எந்த வீடு, என்ன விலைக்குப் படிந்தது? பெரும்பாலும் பதில் இருக்காது. "ஸ்கொயர் ஃபீட் ஏழாயிரம் போகுதாம்" என்பார்கள். யார் சொன்னது என்று துருவினால் ஒரு இணைய விளம்பரம், அல்லது தன் வீட்டை விற்க நினைக்கிற பக்கத்து வீட்டுக்காரர், அல்லது ஒரு புரோக்கர். மூவருக்குமே விலை ஏறினால் சந்தோஷம். வாங்கப்போகிறவர் மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் அந்நியர்.

ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது, அதில் சென்னையும் உண்டு. தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீட்டிலும் உண்டு. நாடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள இவை சரி. முடிச்சூரில் வாங்குவதா சேலையூரில் வாங்குவதா என்பதற்கு இவற்றால் ஒரு உபயோகமும் இல்லை. தண்டவாளத்துக்கு மேற்கே ஒரு விலை, கிழக்கே ஒரு விலை. ஒரே நகரில் முப்பதடி ரோட்டு மனைக்கும் இருபதடி ரோட்டு மனைக்கும் பேச்சே வேறு. நமக்கு மார்க்கெட் என்பது நாம் குடியிருக்கத் தயாராக இருக்கும் பத்துத் தெருக்கள்தான்.

அரசு போட்டிருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டு "கவர்ன்மெண்ட் ரேட்டே இவ்வளவு" என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. அதற்காகத் தாம்பரத்தில் யாராவது மனையை மூன்றில் ஒரு பங்கு மலிவாக விற்றார்களா? 2023-ல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். முத்திரைத் தீர்வை எந்தத் தொகைக்குக் கட்ட வேண்டும் என்பதற்கான எண் அது. வாங்குகிறவனும் விற்கிறவனும் எங்கே கைகுலுக்குவார்கள் என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் படிந்த விலை எங்கே கிடைக்கும்? வில்லங்கச் சான்றில், அதாவது ஈ.சி.யில். ஈ.சி. என்றால் நாம் வாங்கப்போகிற சொத்துக்கு, அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில், வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து மனைக்கும் போட்டுப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கொடுத்தால் அந்த எண்ணில் பதிவான ஆவணங்கள் வரிசையாக வரும். பார்வையிடக் காசு கிடையாது. சர்வே எண் தெரியாவிட்டால் அந்த லேஅவுட்டில் இருக்கும் யாருடைய பட்டாவையாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு லேஅவுட் முழுக்க ஒன்றிரண்டு சர்வே எண்ணில் அடங்கியிருந்தால் அந்த நகரின் விலை வரலாறே கையில் இருக்கிற மாதிரி. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், மனை எண், பரப்பு, நான்கு எல்லை, கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை) எல்லாம் இருக்கும். கடைசி மூன்று வருடத்தை மட்டும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அரை நாள் வேலை.

அதைப் படிக்கவும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அப்பா பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை இதிலெல்லாம் இருக்கும் தொகை விலையே அல்ல. கிரயப் பத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிளாட் என்றால் இன்னொரு சிக்கல். 2023 டிசம்பர் வரை புது ஃபிளாட்டுக்குப் பிரிபடாத பாகமான யூ.டி.எஸ். நிலத்துக்கு ஒரு கிரயம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பதிவதுதான் வழக்கம். அதனால் பழைய ஈ.சி.யில் பதினெட்டு லட்சம் என்று பார்த்துவிட்டு "அப்போ பதினெட்டு லட்சத்துக்கு வாங்கின ஃபிளாட்டுக்கு இப்போ எழுபது கேட்கிறானே" என்று கொதிக்கக் கூடாது. அது நிலத்துப் பங்கின் தொகை மட்டும். இப்போது ஃபிளாட் மொத்தத்துக்கும் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம் என்பதால் இனிவரும் எண்கள் கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.

கறுப்புப் பணம்? இருக்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பது நம் ஊரில் ரகசியமே இல்லை. எனவே ஈ.சி.யில் வரும் எண்ணைத் தரையாக வைத்துக்கொள்ளுங்கள், உண்மை விலை அதற்குக் கீழே போக வாய்ப்பு மிகக் குறைவு. மேலே எவ்வளவு என்பதுதான் புரோக்கருக்குத் தெரிந்த விஷயம், அவர் தேவைப்படுவதும் அதற்குத்தான். (ரொக்கம் கேட்கிற விற்பனையாளர்களிடம் நான் விலகிவிடச் சொல்வேன். சொத்துப் பேச்சில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே வருமானவரிச் சட்டப்படி தவறு. வங்கி பத்திரத் தொகைக்குத்தான் கடன் தரும். நாளை நீங்கள் விற்கும்போது ஆதாய வரிக் கணக்கும் பத்திரத் தொகையிலிருந்துதான் தொடங்கும். அவர் இன்று மிச்சம் பிடிக்கிற வரியை நீங்கள் பிறகு கட்டுவீர்கள்.)

விலை எப்போது ஏறுகிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் கிளாம்பாக்கத்தை விட நல்ல பாடம் இல்லை. பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். ஊரப்பாக்கத்திலும் வண்டலூரிலும் விலை அதற்குப் பல வருடம் முன்பே, வருகிறது வருகிறது என்ற பேச்சிலேயே ஏறிவிட்டது. திறந்த பிறகு நடந்தது ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசலும், மாநகரப் பேருந்துக்குக் காத்திருப்பும்தான். முனையம் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. அடுத்து விமான நிலையத்திலிருந்து மெட்ரோ. இப்படி ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி விற்பவர்களிடம் நான் கேட்கச் சொல்வது: அந்த வசதியின் விலையை ஏற்கனவே இதில் சேர்த்துவிட்டீர்களா இல்லையா? சேர்த்தாகிவிட்டது என்றால், வராத ரயிலுக்கு நாம் இப்போதே டிக்கெட் எடுக்கிறோம். பரந்தூர் விமான நிலையப் பெயரைச் சொல்லி மனை விற்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சந்தைக்கு ஞாபகம் குறைவு. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். கொஞ்ச நாள் விலை பேசவே ஆள் இல்லை. பிறகு மூடுகால்வாய் போட்டார்கள், நான்கைந்து மழைக்காலம் போனது, மறுபடி புதுக் கட்டடங்கள் எழுந்தன. 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் இருந்தவர்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் நின்ற தெருவிலும் வாங்கலாம், தவறில்லை, ஆனால் அதற்குரிய விலையில் வாங்க வேண்டும். இடுப்பளவு நின்றதா, கணுக்காலளவா, எத்தனை நாள் நின்றது? இதைப் புரோக்கரைவிட அந்தத் தெருவின் இஸ்திரிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் துல்லியமாகச் சொல்வார்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம்.

வாடகையும் ஒரு அளவுகோல், சுருக்கமாகச் சொல்கிறேன். 75 லட்சத்துக்குச் சொல்லும் ஃபிளாட்டுக்கு மாதம் 18,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 2,16,000. மூன்று சதவீதம்கூட இல்லை. சொந்தமாகக் குடியிருக்க வாங்குகிறவர் இதை விட்டுவிடலாம். "இன்வெஸ்ட்மெண்ட் சார்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

இப்போது புரோக்கர். புரோக்கரே வேண்டாம், நேரே ஓனர் என்று அலைகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கமிஷன் மிச்சம் என்று நினைக்கிறார்கள், ஓனரும் அதே கமிஷனைத் தன் பக்கம் மிச்சம் பிடிக்கத்தான் நேரே விற்கிறார். ஆனால் புரோக்கருடைய லாபம் எதில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு பேச வேண்டும். 80 லட்சம் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,60,000. நீங்கள் மூன்று லட்சம் குறைத்துவிட்டால் அவருக்குக் குறைவது ஆறாயிரம். அந்த ஆறாயிரம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. பேச்சு முறிந்தால் மொத்தமும் போகும் என்பதுதான் அவர் கவலை. அதனால்தான் உங்களிடம் "இன்னைக்கே டோக்கன் போடுங்க, நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்பார், ஓனரிடம் "இதுக்கு மேல யாரும் வரமாட்டாங்க" என்பார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற ஒருவர் உங்களுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

மோசமானது இன்னொரு வகை. ஓனர் தனக்கு இத்தனை லட்சம் வந்தால் போதும் என்று சொல்லிவிடுவார், அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் அந்த வித்தியாசம் புரோக்கருக்கு. இங்கே அவர் புரோக்கரே அல்ல, வியாபாரி. அடையாளம் எளிது: ஓனரைச் சந்திக்கவே விடமாட்டார். "அக்ரிமெண்ட் அன்னைக்குப் பாத்துக்கலாம் சார்." பத்திரத்தையும் காட்டமாட்டார், ஓனர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தின் நகல் ஒன்றை மட்டும் நீட்டுவார். நான் இந்த இடத்தில் எழுந்துவிடுவேன்.

பில்டர்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் தனி ரகம். அவர்களுக்குக் கமிஷன் தருவது பில்டர். "உங்களுக்கு ஃப்ரீ சர்வீஸ் சார்" என்பதன் அர்த்தம் அதுதான். அவர்களாவது சட்டத்தின் பிடிக்குள் இருக்கிறார்கள். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவாகாத திட்டத்தை விற்கவும் கூடாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தையும் முகவரையும் தேடிப் பார்க்கலாம். அக்ரிமெண்ட் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது, விற்பது கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு) கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இன்னும் பாதிப் பேர் படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப்பில்தான் பேசுகிறார்கள்.

கைமாறும் பழைய வீட்டை முடித்துக் கொடுக்கும் தெருமுனைப் புரோக்கரிடம் பெரும்பாலும் எந்தப் பதிவு எண்ணும் இருக்காது. அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் அந்த நோட்டு உதவுகிறது. ஈ.சி.யைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, தெரியாதவர் போலக் கேளுங்கள்: "அண்ணே, இந்த நகர்ல கடைசியா எது முடிஞ்சுது?" மனையைச் சரியாகச் சொல்கிறாரா? தொகை உங்கள் எண்ணுக்கு மேல் ஓரளவு பக்கத்தில் வருகிறதா? அடுத்து, எந்த வீடு ஒரு வருடமாக விற்காமல் நிற்கிறது, ஏன்? நல்ல புரோக்கர் இதற்குத்தான் உற்சாகமாகப் பதில் சொல்வார். விற்காத வீட்டின் காரணம் தெரிந்தவருக்கு விற்ற வீட்டின் காரணமும் தெரியும். எல்லா வீடும் "ஹாட் கேக் சார்" என்பவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பெருங்களத்தூர் பக்கம் எங்கள் வீட்டுக்காக ஒரு மனை பார்த்தபோது, காட்ட வந்த புரோக்கரே நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துவைத்து, "சார், நீங்க கார் நிறுத்தியிருக்கிற ரோடு இந்தப் படத்துல இல்ல. அது பக்கத்து மனைக்காரர் பட்டா நிலம். அவர் மனசு மாறினா உங்க வீட்டுக்கு வழி கிடையாது" என்றார். அந்த மனையில் அவருக்கு வர வேண்டிய கமிஷன் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பிறகு எங்கள் உறவில் மூன்று பேரை அவரிடம் அனுப்பியிருக்கிறேன். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், விற்பவர் அமெரிக்காவில் இருந்தால் பிடித்தம் அந்த ஒரு சதவீதத்தோடு நிற்காது என்பதையெல்லாம் விலை பேசும் முன்பே சொல்லிவிடுகிற ஆள்.

கமிஷனை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சதவீதத்தைவிட ஒரு முழுத் தொகை நல்லது என்பது என் கட்சி. பாதி அக்ரிமெண்ட் அன்று, மீதி பதிவு முடிந்து ரசீது கைக்கு வந்ததும். பட்டா மாறுதலுக்கும் கூட வருவாரா என்று அப்போதே கேட்டுவிடலாம். பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள், அவருக்கும் அந்த மாதம் அது ஒன்றுதான் முடிந்திருக்கும்.

முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இந்த ஒரு வருடத்தில் கிரயம் முடித்தவர்கள் இருந்தால் தெரு, மனை அளவு, படிந்த விலை மட்டும் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் பார்த்த விலை வேண்டவே வேண்டாம்.