பூட்டிய வீடு என்றால் ஆளில்லாத வீடா?

"செட்டிநாடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குச் சொந்தக்காரர்களே இல்லை, காவலாளிக்கு ஏதாவது கொடுத்தால் உள்ளே போகலாம்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டுமே தவறு.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான். அது முதல் படி, அங்கீகாரம் அல்ல.

சரி, வீடுகள்? கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிய வீடு என்றால் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) உரியவை. சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) வந்து திறப்பார்கள். காவலாளியின் சம்மதம் அவர்களுடைய சம்மதம் ஆகாது. பொறுப்பான சுற்றுலா நிறுவனம் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்கும், கட்டணத்தையும் அவர்களிடமே தரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செருப்போடு நடக்கவும் விடாது.

அப்புறம், காரைக்குடிக் கடைகளில் பழைய தூணும் கதவும் வாங்கினால் பாரம்பரியம் பிழைக்கும் என்றும் அந்த வாட்ஸ்அப் தகவலில் ஒரு வரி. வீட்டை இடித்தால்தானே தூண் கடைக்கு வரும்! நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இடம் தராது. கையில் பணமிருந்தால் கண்டாங்கிச் சேலை வாங்கலாம், நெய்தவருக்குக் கூலியாவது போகும்.