பிள்ளையைக் கேட்கிறவர்கள் பதிலும் சொல்ல வேண்டும்

"வீட்டுக்கு ஒரு பையனைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு அனுப்பச் சட்டம் வேண்டும்" என்று ஒரு செய்தி போன வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "நம்ம பயலுவ பூரா செல்லைத் தூக்கிட்டு அலையுதானுவ. ரெண்டு வருசம் மிலிட்டரில போட்டா தன்னால ஒழுங்குக்கு வருவானுவ" என்று சுரண்டையிலிருந்து ஒரு மாமா எழுதினார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்று நான் எழுதினேன். "அப்ப நீ எந்த நாட்டுக்காரன்?" என்று கேள்வி வந்தது.

நான் ராணுவத்துக்கு எதிரானவன் இல்லை. எங்கள் ஊரில் மிலிட்டரிக்காரர் வீடு எங்கே என்று யாராவது கேட்டால், எந்த மிலிட்டரிக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். அத்தனை வீடு இருக்கிறது. அவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்கள். விருப்பம் இல்லாத பையனைச் சட்டம் போட்டு இழுத்துக்கொண்டு போவது முற்றிலும் வேறு விஷயம். அதைச் செய்யும் அரசு, இந்தப் போர் எதற்கு என்று ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆனால் கட்டாயச் சேவை வேண்டும் என்கிற அதே ஆட்கள்தான், போரைப் பற்றிக் கேள்வி கேட்கிறவனைத் துரோகி என்கிறார்கள். பிள்ளையையும் கொடு, வாயையும் மூடு என்கிறார்கள். எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.

குழுவில் எல்லோரும் காட்டிய உதாரணம் சிங்கப்பூர். அது இயல்புதான். கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரில் குடியிருப்பவர்கள் ஏராளம். அங்கே வளர்ந்த பேரன்மார் என்எஸ் என்கிற கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வரும்போது, அவர்களுடைய நடை உடையைப் பார்க்கிறவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் சிங்கப்பூர் 1965-ல் தனி நாடானபோது, காவலுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி படை கிடையாது. 1967-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். குடிமகனோ இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசியோ, பையன் என்றால் இரண்டு வருடம். வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்ற பேதம் சட்டத்தில் இல்லை. அந்தப் பிள்ளைகளைக் கடல் தாண்டி ஒரு பெரிய போருக்குக் கட்டாயமாக அனுப்பும் நிலை இன்றுவரை அங்கே வரவில்லை. அதனால் கட்டாயச் சேவையில் இருக்கிற கடினமான கேள்வி அவர்கள் முன்னால் இன்னும் வந்து நிற்கவில்லை. அமெரிக்காவில் வந்து நின்றது.

1964 ஆகஸ்டில், டோன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்களை வட வியட்நாம் தாக்கியதாகச் சொல்லி அதிபர் ஜான்சன் போருக்கு அதிகாரம் கேட்டார். கீழவையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவர்கூட இல்லை. மேலவையில் 88 பேர் ஆதரவு, எதிர்த்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இரண்டே பேர். அன்று சொல்லப்பட்ட இரண்டு தாக்குதல்களில் இரண்டாவது நடக்கவேயில்லை என்பது பிறகு தெரியவந்தது. அதற்குள் அந்த இருவரும் 1968 தேர்தலில் பதவியை இழந்திருந்தார்கள். 1971-ல் அந்தத் தீர்மானமே ரத்தானது. கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேருக்குப் பதில் இருநூறு பேராக இருந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்கர்கள் மட்டும் 58 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். வியட்நாம் மக்கள் பல லட்சம் பேர்.

1964 முதல் 1973 வரை சுமார் 22 லட்சம் இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். காலேஜில் படிக்கிறவனுக்குத் தள்ளிவைப்பு உண்டு. உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் விலக்கு உண்டு. வசதியும் விவரமும் உள்ள குடும்பத்துக்கு வழி தெரிந்தது. கூலிவேலை செய்கிறவர்கள் வீட்டுப் பையனுக்கும் கறுப்பர் வீட்டுப் பையனுக்கும் அந்த வழி குறைவு. இந்த அநியாயத்தைப் பற்றிப் பேச்சு பெரிதான பிறகுதான் 1969 டிசம்பர் 1-ம் தேதி குலுக்கல் நடத்தினார்கள். வருடத்தின் 366 தேதிகளை எழுதி, நீலநிறப் பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, டிவியில் எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்கள் வரிசையில் முதல் ஆள். பிறகு கணக்கிட்டுப் பார்த்தால், வருடக் கடைசியில் பிறந்தவர்களுக்கே முன் எண்கள் அதிகம் விழுந்திருக்கின்றன. குப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை! அந்தக் கவனக்குறைவுக்கு எத்தனை டிசம்பர் மாதத்துப் பிள்ளைகள் விலை கொடுத்தார்களோ, நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

இன்னொன்றும் உண்டு. 18 வயதில் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள், ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப்போட 21 வயது ஆக வேண்டும். தன்னைப் போருக்கு அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்கிற உரிமைகூட அந்தப் பையனுக்கு இல்லை. 1971-ல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றி நம் ஊரிலும் பெருமையாகப் பேசுவார்கள். 1967 ஏப்ரல் 28-ம் தேதி ஹூஸ்டனில் படையில் சேர்க்கப் பெயரைக் கூப்பிட்டபோது அவர் முன்னே வர மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீடு செய்து வெளியில் இருந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் மேடை ஏற முடியவில்லை. விளையாட்டு வீரனுக்கு அவை எப்படிப்பட்ட வருடங்கள்! 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அவர் எங்கேயும் ஓடி ஒளியவில்லை. சொந்த நாட்டிலேயே நின்று மாட்டேன் என்றார். அவரையும் அன்று துரோகி என்றுதான் சொன்னார்கள்.

"இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை" என்று ஒரு அத்தான் எழுதினார். சரி, பக்கத்துக் கதையைப் பார்ப்போம்.

1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதன்படி இலங்கைக்கு அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டார்கள். படை 1990 மார்ச்சில் திரும்பியபோது நம் வீரர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரி என்பவர்களும் துரோகம் என்பவர்களும் இன்றுவரை திருநெல்வேலியில் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார்கள். அந்தப் போரை எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள் என்பது என் எண்ணம். அதே நேரத்தில், உத்தரவு போட்டவர்கள் டெல்லியில் பத்திரமாக இருந்தார்கள். கண்ணிவெடியில் காலை இழந்த சிப்பாய்க்கு, தான் எதற்குப் போனோம் என்று விளக்கிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒரு போரைத் தப்பு என்று சொல்கிறவனுக்கு அந்தச் சிப்பாய் மேல் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது.

அந்த மண்ணில் கட்டாய ஆள்சேர்ப்பும் நடந்தது. 1989-ல் இந்தியப் படை கிளம்பும் நேரத்தில், வடகிழக்கு மாகாண ஆட்சியில் இருந்த ஈபிஆர்எல்எஃப் இயக்கத்தினர், தமிழ்த் தேசிய ராணுவம் அமைக்கிறோம் என்று தெருவில் போன பையன்களைப் பிடித்தார்கள். அதற்கு இந்தியாவின் ஆதரவும் இருந்தது. பிறகு கடைசிப் போரின்போது வன்னியில் புலிகளும் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்தார்கள், 18 வயது ஆகாத பிள்ளைகள் உட்பட. இதை எழுதினால் இரண்டு பக்கத்திலும் கோபப்படுவார்கள் என்று தெரியும். சிங்கள அரசு மக்கள் தலையில் போட்ட குண்டுகளுக்கு இது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். படைக்குப் பிடிக்காமல் இருக்க அவசர அவசரமாகச் சின்ன வயதில் கல்யாணம் செய்துவைத்த குடும்பங்கள் உண்டு. பிள்ளையைப் பதுங்கு குழியில் ஒளித்துவைத்த குடும்பங்கள் உண்டு. நம் மாவட்டத்திலும் ஈழத்து மக்களின் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறவர்கள், அங்கே இருக்கும் அம்மாக்களிடம் ஒருமுறை பேசிவிட்டு அப்புறம் தட்டட்டும்.

போர்க்காலத்தில் வாயைத் திறப்பதே தேசத் துரோகம் என்கிறவர்களுக்குக் காமராஜரை ஞாபகப்படுத்துகிறேன். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியர் யாரையும் கேட்காமல் இந்தியாவையும் போரில் சேர்த்தார். ஆளாகவோ பணமாகவோ இந்தப் போருக்கு உதவுவது தப்பு என்று 1940-ல் காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார். போர் நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று பேசியதற்காக அந்த வருடக் கடைசியில் காமராஜரைப் பிடித்து வேலூர் ஜெயிலில் போட்டார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள், கட்டாயத்தில் சேர்ந்தவர்கள் இல்லை. அவர்களையும் மதிக்கிறோம், ஜெயிலுக்குப் போனவர்களையும் மதிக்கிறோம்.

நம் அரசியல் சட்டத்தின் 23(2) பிரிவு, பொது நோக்கத்துக்காகக் கட்டாயச் சேவை கொண்டுவர அரசுக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு செய்யக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எம்.பி. மகனும் மானூர்ப் பக்கம் பீடி சுற்றும் அம்மாவின் மகனும் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்று யாராவது எழுதிக் கொடுக்கட்டும், பிறகு பேசலாம்.

"நாளைக்கு எவனாவது அடிச்சா யாருடே போவா?" என்று மாமா கேட்டார். 1962-லும் 1965-லும் 1971-லும் யார் போனார்களோ, அவர்களைப் போன்றவர்கள்தான் மாமா. அப்போதும் நம் நாட்டில் கட்டாயச் சேவை கிடையாது. இன்றும் பாளையங்கோட்டையில் விடிவதற்கு முன்னால் பட்டாளத்தில் சேர ஓடிப் பழகுகிற பையன்களைப் பார்க்கலாம். கொரோனாவைச் சொல்லி இரண்டு வருடம் ஆளெடுப்பே நடத்தாமல், 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தார்கள். நான்கு வருட வேலை, அதன்பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டோம், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது என்றார்கள். விரும்பி வருகிறவனையே நான்கு வருடத்தில் வீட்டுக்கு அனுப்புகிற நாட்டில், விரும்பாதவனைப் பிடித்துவரச் சட்டம் எதற்கு? பட்டாளத்தின் மேல் உண்மையான பாசம் இருக்கிறவர்கள் முதலில் அந்த மீதி 75 பேருக்காகக் குரல் கொடுக்கட்டும். மாமா அதற்கு ஒரு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.