சாத்தான் பாட்டு இல்லை, மாஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை இளையோர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பங்கு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மறுபடி விவரிக்கப் போவதில்லை. நான் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு போட்டேன், பாடகர் குழு மாஸ்டர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். அதைக்கூட விட்டுவிடுகிறேன். ராத்திரி குழுவில் மாஸ்டர் போட்ட அந்த ஆடியோவைத்தான் விட முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சாத்தான் பாட்டு போட்டுக் காட்டுகிறானாம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "என்ன பாட்டு அது?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நானே சொல்கிறேன்.

அது ஸ்ட்ரைப்பர் என்கிற கிறிஸ்தவ மெட்டல் குழுவின் ஆல்பத்தில் வருகிற பாட்டு. மெட்டல் என்றால் கிதாரும் டிரம்ஸும் அதிர வாசிக்கிற ராக் இசை. ஆல்பத்தின் பேர் 'வென் வி வேர் கிங்ஸ்'. 2024 செப்டம்பர் 13 வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் திருச்சிலுவை மகிமை விழா. காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, ஒர்க் ஷாப்பைத் திறக்காமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினொரு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எனக்கு அன்றைக்கு இரண்டு விழா.

இவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். முதல் இசைத்தட்டு 1984-இல் வந்தது. நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடையில் மேடைக்கு வந்து, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசுவார்கள். குழுவின் பேருக்குக் கீழே எசாயா 53:5 என்று போட்டிருக்கும். அவருடைய காயங்களால் நாம் குணமடைகிறோம் என்கிற வசனம். புனித வெள்ளியன்று நம் கோயிலில் வாசிக்கிறோமே, அதே பகுதி. இதைத்தான் சாத்தான் பாட்டு என்கிறீர்கள்.

பாடகர் மைக்கேல் சுவீட்டுக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தக் குரல் இன்னும் உச்சத்தில் போய் நின்று இறங்க மாட்டேன் என்கிறது. அவருடைய அண்ணன் ராபர்ட் டிரம்ஸ். லேலண்ட் இன்ஜினைப் பிரித்து மாட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது, படகுப் பலகை வழியாக உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறும் பாருங்கள், அவர் வாசிப்பு எனக்கு அப்படித்தான். கிதார் வாசிக்கிற ஆஸ் ஃபாக்ஸ் 2018-இல் லாஸ் வேகாஸில் மேடையிலேயே வலிப்பு வந்து விழுந்தவர். மூளையில் கட்டி இருப்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அந்த மனிதர்தான் இந்த ஆல்பத்தில் இப்படி வாசித்திருக்கிறார். அவரும் மைக்கேலும் இரண்டு கிதாரிலும் ஒரே மெட்டை ஒன்று மேலே ஒன்று கீழே என்று சேர்த்துக்கொண்டு போகிற இடங்களில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர், எங்களுக்கு இரண்டு குரலில் பாடச் சொல்லிக்கொடுத்தீர்களே, அந்த இலக்கணம்தான் அது. ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருந்தால் என்னைவிட உங்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டிருக்கும்.

ஒரு பாட்டு. முழுசாக. நான் கேட்பது அவ்வளவுதான்.

சத்தம், சத்தம் என்கிறீர்கள். சரி. திருவிழாப் பத்து நாளும் நாம் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர்வரை கேட்கும். சப்பர பவனிக்கு பேண்ட், அதற்கு முன்னால் வெடி. அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். திருப்பாடல் 150-ஐத் திறந்து பாருங்கள். எக்காளம், மத்தளம், தாளம், அதிலும் ஓங்கி ஒலிக்கிற தாளம் என்று அடுக்கிக்கொண்டே போகும். சத்தமாகத் துதிக்காதே என்று அங்கே எங்கேயாவது இருக்கிறதா? இன்னொன்று. 1903-இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் கோயிலுக்குள் பியானோ வாசிக்கக் கூடாது, டிரம்ஸும் தாளமும் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். இன்றைக்கு நம் பாடகர் குழுவில் கீபோர்டு இல்லாமல் ஒரு பூசை நடக்குமா? ரிதம் பேட் இல்லாமல் ஒரு திருவிழாத் திருப்பலி உண்டா? அன்றைக்கு ஆகாதது இன்றைக்கு ஆகியிருக்கிறது என்றால், இன்றைக்கு ஆகாதது என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள். அதிலும் நான் பூசையில் போடச் சொல்லவே இல்லை. இளையோர் கூட்டத்தில், ஹாலில், ஒரே ஒரு பாட்டு.

வரி புரியவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். லத்தீன் பூசையை நம் தாத்தா பாட்டிமார் எத்தனை தலைமுறையாகப் புரியாமலே முழங்காலில் நின்று கேட்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தானே நமக்குத் தமிழ்ப் பூசை வந்தது. புரியாத காலத்தில் அவர்கள் செய்ததும் ஜெபம்தான். தவிர, நான் அன்றைக்கு வரிகளைத் தமிழில் எழுதி அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தேன். அந்தத் தாள் பையிலேயே இருக்கிறது. கொடுக்கவிடவில்லை.

வெளிநாட்டுக் கலாச்சாரம் என்பதற்கு என்ன சொல்வது? கிறிஸ்மஸ் ராத்திரி நாம் எல்லோரும் உருகிப் பாடுகிற 'சைலன்ட் நைட்' 1818-இல் ஆஸ்திரியாவில் பாடப்பட்டது. ஓரியூர் செம்மண்ணை எடுத்துவந்து நெற்றியில் பூசுகிறோம். அந்த மண்ணின் புனிதரான அருளானந்தர் போர்ச்சுக்கல்காரர். காவி கட்டி, கறி மீன் தொடாமல், இந்த ராமநாதபுரம் சேதுச் சீமையில் நடந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டுப்பட்டவர். அவருக்கு முன்னால் மதுரையில் அதே மாதிரி காவி கட்டிய நொபிலி அடிகளார் மேல் சொந்தச் சபைக்காரர்களே ரோம் வரை புகார் கொண்டுபோனார்கள். கடைசியில் 1623-இல் பாப்பரசர் அவர் பக்கம் நின்றார். உடையைப் பார்த்து, சத்தத்தைப் பார்த்து, முடியைப் பார்த்து இவன் நம்மவன் இல்லை என்று முடிவுகட்டுவது நம் திருச்சபையில் பழைய வியாதி. காவிக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

"அருளானந்தர் நம் பக்கம் வந்தார், நீ அந்நியன் பக்கம் போகிறாயே" என்று யாராவது கேட்பீர்கள். அந்நியன் யார்? அவனும் இயேசுவைத்தானே பாடுகிறான்?

நார்வேயில் மெட்டல்காரர்கள் கோயிலைக் கொளுத்தினார்கள் என்று ஒரு தம்பி லிங்க் போட்டிருந்தான். உண்மைதான் தம்பி. 1992 ஜூனில் பெர்கன் பக்கம் ஃபான்டாஃப்ட் என்கிற பழைய மரக்கோயில் எரிக்கப்பட்டது. எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் முழுக்கதையும் படி. சாத்தானைப் பாடுகிற அதே 'கறுப்பு மெட்டல்' இசையை எடுத்து 1994-இல் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர், ஜேசன் ஷெர்லாக், சொந்தப் பேரை மறைத்து, ஹோர்ட் என்கிற பேரில் தனியாளாகக் கிறிஸ்துவுக்கு ஒரு ஆல்பம் செய்தார். அது யார், பேரைச் சொல் என்று வெளியிட்ட நிறுவனத்துக்கு மிரட்டல் போனது. சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் இவர்களை அடிக்கிறார்கள். கடவுளைக் கும்பிடுகிற நீங்களும் இவர்களையே அடிக்கிறீர்கள்.

இன்னொரு லிங்க், ஒரு கிறிஸ்தவ மெட்டல் பாடகர் மனைவியைக் கொல்ல ஆள் வைத்துக் கைதானது. 2013. அதுவும் உண்மை, ஜெயிலுக்குப் போனார். அவருக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் ஒரு ஆளின் பாவத்தை வைத்து ஒரு இசை முழுவதையும் தள்ளினால், வேறு எதையெல்லாம் தள்ளவேண்டி வரும் என்று யோசியுங்கள். இதற்குமேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஸ்ட்ரைப்பரின் 1986 ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதி தாண்டியது. அட்டையில் நாலு தேவதூதர்கள் சாத்தானைப் பாதாளத்தில் தள்ளுகிற படம். அதற்கே எதிர்ப்பு கிளம்பி, அப்புறம் வெறும் கறுப்பு அட்டையில் வந்தது. இதைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. சுவீட் சகோதரர்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது டிவியில் ஜிம்மி சுவாகர்ட்டின் பிரசங்கம் கேட்டு விசுவாசத்துக்குள் வந்தவர்கள். பிற்பாடு கிறிஸ்தவ ராக் இசையைக் கடுமையாகச் சாடியவர்களில் அந்த சுவாகர்ட்டே முன்னால் நின்றார். வழிகாட்டியவரே வாசலை மறிக்கிறபோது மனசு என்ன பாடுபடும் என்று எனக்கு இப்போது தெரியும்.

மாஸ்டர்தான் எனக்கு முதலில் தாளம் சொல்லிக்கொடுத்தவர். பாடகர் குழு பெஞ்சில் என் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கையே ஒயரைப் பிடுங்கும் என்று நான் நினைக்கவில்லை.

சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதது உங்கள் எல்லாருக்கும் தெரியும். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அடக்கம் பண்ண உடல் இல்லாமல் பூசை வைத்தோம். அன்றைக்குப் பாடினதெல்லாம் தேனாக இருந்தது. கலங்காதே, பயப்படாதே, கரம் பிடித்து நடத்துவார். சின்னம்மா ஒரு பக்கம் மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கோயிலில் கத்த முடியாது. வெளியே வந்து படகுத் துறையில் உட்கார்ந்து, சென்னையில் வேலைபார்த்த நண்பன் மெமரி கார்டில் ஏற்றிக்கொடுத்த டீமன் ஹன்ட்டர் பாட்டு ஒன்றைப் போட்டேன். சியாட்டில் பக்கத்துக் கிறிஸ்தவக் குழு. அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தினான், எனக்காகவும் சேர்த்து. அன்றைக்கு நான் கடவுளிடம் பேசியது அப்படித்தான். வேறு எப்படியும் பேச முடிந்திருக்காது.

திருப்பாடல் 88 வாசித்திருக்கிறீர்களா? கடைசிவரை ஆறுதலே கிடையாது. அலைகள் எல்லாவற்றாலும் என்னை வருத்துகிறீர் என்று கடவுளிடமே முறையிட்டு, இருளிலேயே முடியும். அதை பைபிளில் வைத்திருக்கிறார்கள். யாரும் ஒயரைப் பிடுங்கவில்லை. இந்தக் கரையில் ஆள் பிடிபடுகிறான், படகு பிடிபடுகிறது, 2017-இல் கச்சத்தீவுப் பக்கம் சுட்டே கொன்றார்கள். தங்கச்சிமடத்தில் கூடிக்கூடி அழுதோம். தடைக்காலம் முடிந்து படகு இறங்கினால் அடுத்த வாரமே யார் வீட்டில் அழுகை என்று தெரியாத ஊர் இது. இங்கே இருக்கிற பையனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடேயே கடவுள் முன்னால் போய் நிற்க ஒரு பாட்டு இருக்கிறது என்று நான் காட்டினேன். அந்தக் கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறீர்கள்? டாஸ்மாக்கிலா?

இது என் ஜெபம். உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை. காதைப் பொத்திக்கொள்ளுங்கள், எழுந்து போங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் சாத்தானுடையது என்று சொல்லாதீர்கள். ஒருத்தன் ஜெபிக்கிறதைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, மாஸ்டருக்கும் கிடையாது.

என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. என்னிடம் கிதார் பழகுகிற இரண்டு பையன்கள் திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. ஒருத்தனின் அம்மா ரோட்டில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள். அவன் பீடச் சிறுவனாக இருந்தவன், நல்ல கை. அன்றைக்கு அந்தப் பாட்டு போட்டபோது அவன் முகத்தை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். ராத்திரி ஆடியோவில் அவனை "கெட்டுப்போன பிள்ளை" என்று சொல்லியிருக்கிறீர்கள், பேர் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரியும்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு பிள்ளைகளும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அதே குழுவில், அதே ஆடியோவுக்குக் கீழே, மாஸ்டர் ஒரு வரி போட வேண்டும். போடும்வரை தினமும் கேட்பேன்.