ஹவுள் இருந்தால் பள்ளிவாசல் 10 டிகிரி குளிருமா?

"முற்றத்தில் ஹவுளும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தடாகம்) நீரூற்றும் வைத்தால் தொழுகைக்கூடம் 10 டிகிரி குறையும், ஈரானின் இஸ்ஃபஹான் நகரப் பள்ளிவாசல்களே சாட்சி" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சென்னைக்கு இது பொருந்தாது.

நீர் ஆவியாகி எவ்வளவு குளிர்விக்கும் என்பதைக் காற்றின் ஈரப்பதமே தீர்மானிக்கிறது. இஸ்ஃபஹான் போன்ற வறண்ட ஊரில் 40 டிகிரி வெயில், 15% ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை, சுமார் 21 டிகிரி. சென்னையில் 36 டிகிரி, 60% ஈரப்பதம் என்றால் அது 29க்குக் கீழே போகாது. அந்த 29ஐயும் திறந்தவெளியில் எட்ட முடியாது; நீரூற்று புழுக்கத்தைத்தான் கூட்டும். ஹவுள் ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவ) இருக்கட்டும்.

இங்கே உடலுக்கு இதம் தருவது காற்றோட்டம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்றே இரண்டு மூன்று டிகிரி குறைந்த உணர்வைத் தரும். சென்னைக்குக் கிப்லா (தொழும்போது நோக்கும் மக்காவின் திசை) மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே. ஆகவே முற்றம் அதற்கு எதிர்ப்புறமான கிழக்கில் அமையும். கடற்காற்று நேரே உள்ளே வரும். கொடுப்பினைதான்! ஆனால் கிப்லாச் சுவர் முழுக்க அடைத்திருந்தால் வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. அச்சுவரின் மேற்பகுதியில், காற்று உள்ளே வரும் வாசல்களின் பரப்புக்குக் குறையாமல் திறப்புகள் வேண்டும். அஸர் (பிற்பகல் தொழுகை) நேர வெயில் புகாதபடி மேலே சன்ஷேடும் வேண்டும்.

முற்றத்தை பாலிகார்பனேட் தகட்டால் மூடிவிடுவது இன்னொரு தவறு: வெயில் உள்ளே வரும், சூடு வெளியேறாது. கிரானைட் தரையை வெட்டவெளியில் விடாமல், புங்கமோ வேம்போ நட்டு நிழல் கொடுங்கள்.