தலை தட்டி ஓர் ஆழாக்கு

ஆச்சி: என்ன தம்பி, அணில் கொறித்த மாதிரி ஓரத்தில் மட்டும் கிள்ளி வைத்திருக்கிறாய்? பணியாரம் சரியாக வரவில்லையா?

தம்பி: நன்றாக இருக்கிறது ஆச்சி. தின்றுகொண்டுதானே இருக்கிறேன்.

ஆச்சி: எதைத் தின்கிறாய்? நான் மிளகாய்த் துவையல் எடுக்க உள்ளே போகும்போது ஒரு துண்டை வாயில் போட்டாய். போய், துவையலைத் தேடி, உப்புப் பார்த்து, அரைத்தவளை இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதே துண்டு இன்னும் உன் வாயில் இருக்கிறது.

தம்பி: ஒரு வாய்க்கு 25 தடவை மெல்லச் சொல்லியிருக்கிறார்கள். மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

ஆச்சி: வெற்றிலையைக்கூட நான் அத்தனை மென்றதில்லை. அதுதான் உடம்பைக் குறைக்க ஆபரேஷன் ஆகிவிட்டதே? இனிமேல் எதைத் தின்றாலும் உடம்பில் ஏறாது. பிறகு என்ன பயம்? இந்தா, இன்னும் நாலு.

தம்பி: ஏறாது என்று யார் சொன்னது?

ஆச்சி: யார் சொல்ல வேண்டும்? வைக்கிற இடத்தையே எடுத்துவிட்டார்கள். பெட்டகத்தைத் தூக்கிவிட்டால் சாமானை எங்கே வைப்பாய்?

தம்பி: சாமான் வளவில் வந்து கிடக்கும் ஆச்சி. அதற்குப் பெயர்தான் வாந்தி.

(காரைக்குடியில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டு. பகல் 11 மணி. தம்பி வீட்டுக் கணக்கு எழுதுகிறவர். நோட்டில் ஒரு கையெழுத்து வாங்க வந்தவரை இடைபலகாரத்துக்கு உட்கார வைத்துவிட்டார்கள். அவரை வண்டியில் ஏற்றி வந்த பாவத்துக்கு எனக்கும் ஓர் இலை.)

ஆச்சி: சரி, உன்னை என்னதான் செய்தார்கள்? உன் அம்மாவிடம் கேட்டால் ‘ஸ்லீவ்’ என்கிறாள். ஸ்லீவ் என்றால் ஜாக்கெட் கை. வயிற்றுக்குப் போனவனுக்குக் கையிலா வெட்டினார்கள்?

தம்பி: வயிற்றில்தான். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் குழாய் மாதிரி, ஜாக்கெட் கை மாதிரி நிற்கிறது. அதனால் அந்தப் பெயர்.

ஆச்சி: அப்படிச் சொல்லு. பிடித்துத் தைத்திருக்கிறார்கள்.

தம்பி: கிட்டத்தட்ட.

ஆச்சி: உள்ளே துணி விட்டுத் தைத்தார்களா?

தம்பி: என்ன துணி?

ஆச்சி: பின்னால் உடம்பு போட்டால் பிரித்து விட வேண்டாமா? நம் டெய்லர் எதைத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரற்கடை விடாமல் தைக்க மாட்டார்.

தம்பி: ஒரு நூல்கூட விடவில்லை. வெட்டியதை வெளியே எடுத்தாயிற்று. இனி பிரிக்க முடியாது.

ஆச்சி: வெட்டிய துண்டை உன்னிடம் கொடுத்தார்களா?

தம்பி: அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆச்சி: மிச்சத் துணியைக் கொடுப்பதுதானே முறை? காசு கொடுத்தவன் நீ. கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

தம்பி: அடுத்த முறை ஞாபகமாகக் கேட்கிறேன்.

ஆச்சி: அது இருக்கட்டும், இப்போது வயிறு எவ்வளவு பிடிக்கும்?

தம்பி: 150 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி: மில்லி எல்லாம் மருந்துக்கடைக் கணக்கு. எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

தம்பி: முன்னே ஒரு படி. இப்போது ஓர் ஆழாக்கு.

ஆச்சி: எட்டில் ஒன்றா!

(இங்கே ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்.)

ஆச்சி: தலை தட்டியா, கோபுரமாகவா?

(வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி என்று நினைக்கக் கூடாது. வெள்ளைப்பணியாரத்துக்குப் பச்சரிசியை ஆழாக்கில் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். குவிந்து நிற்கிற மட்டும் உளுந்து. ஆச்சி கேட்டது சுத்தமான சமையல் கேள்வி.)

தம்பி: தலை தட்டித்தான் ஆச்சி. கோபுரம் கட்டினால் கும்பாபிஷேகம் உங்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லில்தான் நடக்கும்.

ஆச்சி: அதுதான் முகம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. எனக்கு மட்டும் சொல், சுகரா?

தம்பி: சுகர் 134 கிலோ இருந்தபோது இருந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. அப்போது ஒருவரும் கேட்கவில்லை. கவுனி அரிசி இனிப்பை இரண்டாம் தடவை போட்டார்கள். இப்போது 106 கிலோ. டாக்டரே சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போதுதான் பார்க்கிறவர்கள் எல்லாம் சுகரா, சுகரா என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே வருவதற்குள் மூன்று பேர். அதில் ஒருவர் பாகற்காய்ச் சாறு எப்படி எடுப்பது என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

ஆச்சி: எல்லாம் அக்கறைதான் அப்பா.

தம்பி: 134-க்கு அந்த அக்கறை எங்கே போயிருந்தது?

ஆச்சி: போன் அடிக்கிறதே, யார்?

தம்பி: தண்ணீர்.

ஆச்சி: லாரி வந்துவிட்டதா? தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லட்டுமா?

தம்பி: லாரி இல்லை ஆச்சி, அலாரம். தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்துகிறது. ஆனால் இப்போது குடிக்கக் கூடாது.

ஆச்சி: அது குடி என்கிறது. நீ கூடாது என்கிறாய்.

தம்பி: சாப்பாட்டோடு கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். இருக்கிறதே ஓர் ஆழாக்கு, அதில் தண்ணீரை ஊற்றினால் சாப்பாட்டை எங்கே வைப்பது? ஆனால் ராத்திரி படுப்பதற்குள் ஒன்றரை லிட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும்.

ஆச்சி: ஆழாக்குக்குள் ஒன்றரை லிட்டர்.

தம்பி: மடக்கு மடக்காக.

ஆச்சி: நடுவில் விக்கினால்?

தம்பி: விக்க வேண்டியதுதான்.

ஆச்சி: சம்பை ஊற்றுத் தண்ணீருக்காக இந்த ஊரில் பெண் எடுக்கலாம் என்பார்கள். அந்த ஊரில் பிறந்துவிட்டு, அலாரம் வைத்து மிடறு எண்ணுகிற முதல் ஆள் நீதான். முதலில் உனக்கு என்னதான் கொடுத்தார்கள்?

தம்பி: இரண்டு வாரம் நீராகாரம். மோர், வடிகட்டின சூப், பருப்புத் தண்ணீர்.

ஆச்சி: பாயசமும் நீர்தானே?

தம்பி: சர்க்கரை ஆகாது. அப்புறம் இரண்டு வாரம் மசித்தது.

ஆச்சி: மசித்தது என்றால் கும்மாயம்! ஆடி மாதம் வேறு.

தம்பி: அதில் கருப்பட்டியும் நெய்யும் இருக்கிறதே. அப்புறம் குழைய வேகவைத்தது.

ஆச்சி: கவுனி அரிசியை விடக் குழைவது எது?

தம்பி: விட்டால் உங்கள் அடுப்படி முழுவதும் பத்தியச் சாப்பாடுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள்.

ஆச்சி: கருப்பட்டி சர்க்கரை இல்லை தம்பி. மருந்து.

தம்பி: அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உள்ளே இருக்கிற குழாய்க்குத் தெரியாது. இரண்டு மாதம் முன்னால் ஒரு வீட்டில் கட்டாயப்படுத்தி ஒரு கரண்டி கவுனி அரிசி வைத்தார்கள். தின்று கால் மணி ஆகவில்லை, வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண்ணை இருட்டுகிறது. இனிப்பு வயிற்றில் தங்காமல் சரேலென்று குடலுக்குள் இறங்கிவிடுகிறதாம். டம்பிங் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டாலைத் தரையில் அப்படியே படுத்துவிட்டேன். கல் சில்லென்று இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்தால் அந்த வீட்டு அம்மா கரண்டியோடு நிற்கிறார். இன்னும் ஒரு வாய் கவுனி அரிசி தரட்டுமா, தெம்பாக இருக்கும் என்கிறார்.

ஆச்சி: அவள் வீட்டில் நெய் சரியில்லை. நான் அப்போதே நினைத்தேன்.

தம்பி: நெய்யில் ஒன்றும் இல்லை ஆச்சி!

ஆச்சி: பின்னே எதைத்தான் தின்னலாம்?

தம்பி: புரதம். ஒரு நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். முட்டை, மீன், கோழி, பயறு. இலையில் எது இருந்தாலும் முதல் வாய் அதுதான். அது போக இடம் இருந்தால் சோறு.

ஆச்சி: உளுந்து புரதம்தானே?

தம்பி: ஆமாம்.

ஆச்சி: அப்போது பணியாரத்தில் இருக்கிறதே, கோபுரமாக.

தம்பி: எண்ணெயில் முங்கி எழுந்த கோபுரம்.

ஆச்சி: இத்தனை புரதம் தின்றும் தலைமுடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது?

தம்பி: மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்றார்கள்.

ஆச்சி: ஓகோ. இதைத்தான் தலை தட்டி என்றாயா?

(நான் சிரித்துவிட்டேன். தம்பியும் சிரித்திருப்பார். வாயில் 17-வது மெல்லல் ஓடிக்கொண்டிருந்தது.)

ஆச்சி: பசியாவது எடுக்கிறதா, அதுவும் போய்விட்டதா?

தம்பி: பழைய பசி இல்லை. பசியைக் கிளப்புகிற ஒரு ஹார்மோன் இரைப்பையின் மேல் பாகத்தில்தான் அதிகம் சுரக்குமாம். அந்தப் பாகமும் வெட்டினதோடு போய்விட்டது.

ஆச்சி: அதையும் கேட்டு வாங்கவில்லை.

தம்பி: இல்லை. அதற்குப் பதிலாகச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பி12, இரும்பு, கால்சியம். ஆயுசுக்கும்.

ஆச்சி: சாப்பாட்டை நிறுத்தி மாத்திரையைப் போடுவதற்கு ஓர் ஆபரேஷன். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. இது கொஞ்சம் சோம்பேறி வழிதான். வாயைக் கட்டி, காலையில் நாலு தெரு நடந்திருந்தால் தானாக இறங்கியிருக்கும்.

தம்பி: நடந்தேனே ஆச்சி. ஆறு வருஷம் நடந்தேன். நாலாவது தெருவில் உங்கள் வீடு. முகப்பில் உட்கார்ந்துகொண்டு, வேர்த்து வருகிறது பிள்ளை, ஒரு வாய் காபி என்பீர்கள். காபி தனியாக வந்ததாக என் நினைவில் இல்லை.

ஆச்சி: வெறுங் காபியை எப்படிக் கொடுப்பது?

தம்பி: சின்னவர் கல்யாணம் நினைவிருக்கிறதா?

ஆச்சி: மறக்குமா? 32 பணியாரம் தின்றாய். சமையற்காரரே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி: 29. நான் கணக்கு எழுதுகிறவன். 27-லேயே போதும் என்றேன். நீங்கள் தட்டோடு வந்தீர்கள். வேண்டாம் என்று இலைமேல் கையை வைத்தேன். கைமேல் வைத்தீர்கள். சூடாக இருந்தது, கையை எடுத்தேன். அந்த இடத்தில் இரண்டாவதை வைத்தீர்கள். பிறகு நான் கை கழுவப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல். ‘இந்தப் பிள்ளையைப் பார்த்தாயா, தின்றே ஊதிவிட்டது. இதற்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ நெஞ்சறியச் சொல்லுங்கள், 28-வதையும் 29-வதையும் வைத்தது யார்?

(ஆச்சி முந்தானையால் தட்டின் விளிம்பைத் துடைத்தார். அது துடைத்த தட்டுதான்.)

ஆச்சி: விருந்தாளி வேண்டாம் என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் மாமியார் அப்படித்தான் பழக்கினார்கள்.

தம்பி: வேண்டும் என்றால்?

ஆச்சி: வேண்டும் என்றுதான் அர்த்தம்.

தம்பி: அப்படியானால் வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் என்ன சொல்லித்தான் தொலைக்க வேண்டும்?

ஆச்சி: அதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டதே இல்லையே அப்பா.

(எழுந்து உள்ளே போனார். கோபமாக்கும் என்று தம்பி நோட்டை மூடினார். ஐந்து நிமிடத்தில் ஆச்சி பித்தளை ஆழாக்கோடு வந்தார். உள்ளே அவித்த பச்சைப்பயறு.)

ஆச்சி: எண்ணெய் இல்லை, கருப்பட்டி இல்லை, புரதம். உன் கணக்குப்படி ஓர் ஆழாக்கு. பேசாமல் தின்னு.

தம்பி: ஆச்சி.

ஆச்சி: இன்னும் என்ன?

தம்பி: கோபுரம்.

ஆச்சி அதைப் பார்த்தார். அப்படியே என் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் ஒரு தட்டு. கோபுரம் என் இலையில் விழுந்தது. பின்னாலேயே தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்த நாலு பணியாரமும் வந்தன.

“கூட வந்த பிள்ளை பாவம், வந்ததிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை” என்றார். நான் ஏழு முடித்திருந்தேன். வேண்டாம் என்று இலைமேல் கையை வைத்தேன். சூடாகத்தான் இருந்தது.

பதினொன்றை முடித்துக்கொண்டு கை கழுவப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆச்சியின் குரல் தணிந்து கேட்டது.

“அந்தக் கூட வந்த பிள்ளையைப் பார்த்தாயா? இந்த வயதில் உடம்பை இப்படியா விடுவது? அந்த மதுரை டாக்டர் பேரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.”