ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஒரு பிரவுசர்

கணினி ஏன் மெதுவாகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை, கணினி திணறினால் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள் என்று முடிகிறது. காசுக்கு எங்கே போவது? என் தங்கை 4 ஜிபி லேப்டாப்பில்தான் கல்லூரிப் பாடம் படிக்கிறாள். ஒரு சாட் செயலியைத் திறந்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். அதே பெயரில் ஐந்து வரிகள். ஒரு செய்திகூட அனுப்பவில்லை, அதற்குள் கிட்டத்தட்ட 500 எம்பி ரேம் போய்விட்டது.

காரணம் எலக்ட்ரான், அதாவது வெப்பக்கம் எழுதும் முறையிலேயே கணினிச் செயலி செய்ய உதவும் மென்பொருள் கருவி. 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில், ஆட்டம் என்ற கோட் எடிட்டருக்காக உருவானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கோட் போதும் என்பதால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இதில் செய்த ஒவ்வொரு செயலியும் குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தை முழுதாகத் தன்னோடு சுமந்து வருகிறது. மூன்று செயலி திறந்தால் மூன்று பிரவுசர், ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வதும் இல்லை. ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. அப்புறம் வேர்டில் அடித்த எழுத்து திரைக்கு வரவே இரண்டு விநாடி.

எலக்ட்ரானுக்கு மாற்றான டாரி (Tauri) போன்ற கருவிகள், வெப்பக்கத்தைக் காட்ட கணினியில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூ என்ற பகுதியையே பயன்படுத்துகின்றன. செயலி எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதையும் பாருங்கள். தங்கைக்கு இப்போதைக்கு அந்தச் செயலியை நீக்கிவிட்டு, அதையே பிரவுசர் டேபில் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.